வெள்ளைப்படுதல் டெஸ்ட்ல எது காசுக்கு ஒர்த்து? லேப்ல உக்காந்திருக்கிறவ எழுதுற ரிவ்யூ

மோசமானதுல இருந்தே ஆரம்பிச்சுடறேன். வெள்ளைப்படுது, மீன் கவிச்சி அடிக்குதுன்னு டாக்டர்கிட்ட போறீங்க, அவங்க ஹெச்விஎஸ் கல்ச்சர் அண்ட் சென்சிட்டிவிட்டின்னு (உள்ள பஞ்சுக் குச்சியால, அதாவது ஸ்வாப்பால, தொட்டு எடுத்து கிருமிய வளத்து எந்த மருந்து கேக்கும்னு பாக்குறது) சீட்டுல எழுதிடறாங்க, நீங்களும் காசு கட்டிட்டு ரெண்டு மூணு நாள் காத்திருந்து ரிப்போர்ட்ட வாங்குறீங்க. அதுல ஒண்ணு நார்மல் ஃப்ளோரான்னு (வழக்கமா இருக்குற கிருமிதான்னு) ஒரே வரி இருக்கும், இல்லன்னா கார்ட்னரெல்லாங்கற பாக்டீரியா வளந்திருக்கு, இ.கோலைங்கற குடல் பாக்டீரியா வளந்திருக்குன்னு போட்டு கீழ பத்து ஆன்டிபயாடிக் பேரு வரிசையா இருக்கும். பாக்டீரியல் வஜைனோசிஸ், நாங்க பிவின்னு சொல்லுவோம், அது இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க இந்த கல்ச்சருக்கு நான் குடுக்குற மார்க் 5-க்கு 1. அந்த ஒண்ணும் ஸ்வாப் எடுத்த சிஸ்டருக்கு.

ஏன் இப்படி கோவமா எழுதறேன்னா, பிவிங்கறது ஒரு கிருமி உள்ள பூந்து வர்ற நோய் இல்ல. தெருவுக்கு ஒரு ரவுடி குடி வந்துட்டான்ங்கற கதை இல்ல இது, தெருவுல இருந்த பழைய ஆளுங்க மொத்தமா காலி பண்ணிட்டு போய் வேற கூட்டம் வந்து உக்காந்துருச்சுங்கற கதை. நார்மலா அங்க லாக்டோபாசிலஸ்ங்கற நல்ல பாக்டீரியா தான் நெறைய இருக்கும், அது லாக்டிக் ஆசிட் போட்டு பிஹெச்-ஐ (அமிலத்தன்மைய காட்டுற அளவு) 3.8-ல இருந்து 4.5-க்குள்ள வெச்சிருக்கும். அது கொறைஞ்சு போய் கார்ட்னரெல்லா, பிரிவோடெல்லா, மொபிலன்கஸ்னு ஆக்ஸிஜன் இல்லாமலே வாழக்கூடிய கூட்டம் தாறுமாறா பெருகினா அதுதான் பிவி. கார்ட்னரெல்லா எந்த கம்ப்ளைன்ட்டும் இல்லாத எத்தனையோ பேருக்கும் கொஞ்சமா இருக்கத்தான் செய்யும், அதனால அது வளந்துச்சுன்னு சொல்றதுல ஒண்ணுமே தெரியாது. மத்த பாதி கூட்டம் நாங்க கல்ச்சருக்கு வெக்கிற சாதாரண பிளேட்ல வளரவே வளராது. ஸோ எந்த டெஸ்ட் வந்தாலும் நான் கேக்குற ஒரே கேள்வி, இது ஒரு கிருமிய தேடுதா, இல்ல கூட்டம் மாறிருச்சான்னு பாக்குதா. இந்த ரிவ்யூ முழுக்க அத வெச்சுதான் மார்க்.

இந்த கொழப்பம் இன்னிக்கு நேத்து வந்ததில்ல. 1955-ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல கார்ட்னர், டியூக்ஸ்னு ரெண்டு பேரு க்ளூ செல்ல (பாக்டீரியா அப்பின செல், கீழ வெவரமா சொல்றேன்) காட்டி, ஹீமோஃபிலஸ் வஜைனாலிஸ்ங்கற ஒரு கிருமிதான் இதுக்கு காரணம்னு எழுதினாங்க. 1980-ல அந்த கிருமிக்கு கார்ட்னர் பேரையே வெச்சு கார்ட்னரெல்லான்னு ஆக்கிட்டாங்க. பேரு மாறிச்சு, ஆனா கார்ட்னரெல்லா இருந்தா பிவி, இல்லன்னா இல்லங்கற நெனப்பு மட்டும் இன்னும் பல பேரு மண்டைல அப்படியே இருக்கு.

போன வருஷம் ஒரு அக்கா வேற லேப்ல எடுத்த ரிப்போர்ட்டோட வந்தாங்க, எந்த லேப்னு வேணாம் விடுங்க. ஹெவி குரோத் ஆஃப் இ.கோலைன்னு போட்டு எந்த எந்த மாத்திரை கேக்கும்னு லிஸ்ட். "ஏம்மா, இது யூரின்ல வர்றதுதான, எனக்கு யூரின்ல எரிச்சலே இல்லையே, ரெண்டு கோர்ஸ் மாத்திரை முடிச்சிட்டேன் வாடை மட்டும் போகவே மாட்டேங்குது"ன்னு கேட்டாங்க. இ.கோலை அந்த எடத்துல கொஞ்சம் இருக்கறது சகஜம்க்கா, பக்கத்துல தான குடல் இருக்குன்னு சொல்லிட்டு, டாக்டர் மேடம்கிட்ட கேட்டு ஸ்மியர் எடுத்து, அதாவது ஸ்லைடுல தடவி, கிராம் ஸ்டெய்ன்ங்கற சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல வெச்சோம். பாத்தா சுத்தமான பிவி, 10-க்கு ஸ்கோர் 9, கணக்கு கீழ சொல்றேன். அவங்க சாப்பிட்ட ரெண்டு கோர்ஸும் வேற எதுக்கோ அடிச்ச மருந்து.

சரி, அடுத்தது ஆம்செல் முறை. இத லேப் டெஸ்ட்னு சொல்றத விட ஓபி ரூம் டெஸ்ட்னு சொல்றதுதான் சரி. 1983-ல சியாட்டில்ல ஆம்செல்னு ஒரு டாக்டரும் அவரு கூட்டாளிங்களும் 397 யுனிவர்சிட்டி பொண்ணுங்கள செக் பண்ணி எழுதுனது, இன்னி வரைக்கும் ஓடுது. நாலு அடையாளத்துல மூணு இருந்தா பிவி. வெள்ளைப்படறது தண்ணியா ஒரே சீரா சுவத்துல ஒட்டுன மாதிரி இருக்கணும், பிஹெச் 4.5-க்கு மேல போகணும், 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (கேஓஹெச்) ஒரு சொட்டு விட்டா கவிச்சி வாடை கெளம்பணும், மைக்ராஸ்கோப்ல பாக்குற எபிதீலியல் செல்லுல (உள் தோலோட செல்லுல) 20 சதவீதத்துக்கு மேல க்ளூ செல்லா இருக்கணும். கூட்டம் மாறினா என்னென்ன நடக்குமோ அதத்தான் இந்த நாலும் பாக்குது, அதனால ஐடியா ரொம்ப சரி. செலவும் ஒண்ணுமே இல்ல, ஒரு பேப்பர், ஒரு பாட்டில் கேஓஹெச், ஒரு மைக்ராஸ்கோப், அஞ்சு நிமிஷம்.

ஆனா இத சரியா பண்றவங்க எத்தனை பேரு? பிஹெச் பேப்பர்லயே பாதி கதை முடிஞ்சிரும். சில எடத்துல யூரின் ஸ்ட்ரிப்ப ஒடச்சு வெச்சு பாக்குறாங்க, அதுல பிஹெச் கட்டம் 5-ல தான் ஆரம்பிக்கும், நமக்கு வேண்டிய கோடு 4.5, அப்போ அதுல என்னத்த பாக்குறது. 4-ல இருந்து 6 இல்ல 7 வரைக்கும் போற குறுகின ரேஞ்ச் பேப்பர் தனியா வாங்கணும். அதையும் பக்கவாட்டு சுவத்துல தொட்டு எடுக்கணும், கர்ப்பப்பை வாயில இருக்குற சளிய தொட்டா அதுவே ஏழுக்கு பக்கத்துல காட்டும். பீரியட்ஸ் ரத்தம் கலந்திருந்தாலும், முந்தின நாள் உறவு இருந்திருந்தாலும் பிஹெச் ஏறிப்போயிருக்கும், மாதவிடாய் நின்னவங்களுக்கு எப்பவுமே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், டிரைக்கோமோனாஸ்ங்கற ஒட்டுண்ணி கிருமி இருந்தாலும் ஏறும். அதனால பிஹெச் நார்மலா இருந்தா பிவி இல்லன்னு ஓரளவு தைரியமா சொல்லலாம், ஏறியிருந்தா அத மட்டும் வெச்சு பிவின்னு சொல்ல முடியாது.

வாடை டெஸ்ட் பத்தி கேக்கவே வேணாம். கேஓஹெச் பட்டதும் பியூட்ரசின், கேடவரின், டிரைமெத்தில்அமின்னு ஆவியா கெளம்புற அமின்ஸ்தான் அந்த வாடை. அது அந்த நிமிஷமே மோந்து பாக்க வேண்டியது, ஸ்வாப் ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆட்டோல லேப்புக்கு வந்தா என்ன மிச்சம் இருக்கும்? கொரோனாவுக்கு அப்புறம் எல்லாரும் மாஸ்க் போட்டுக்கிட்டு வேற இருந்தோம், மாஸ்க்க எறக்கிட்டு ஸ்லைட மோந்து பாருன்னு எந்த டெக்னீஷியன்கிட்ட சொல்றது. சளி புடிச்ச மூக்குக்காரங்க ரிப்போர்ட் வேற மாதிரி வரும், அதுவும் இருக்கு.

நாலுல எனக்கு புடிச்சது க்ளூ செல் தான். சலைன்ல ஒரு சொட்டு கலந்து கவர் ஸ்லிப் போட்டு 40 எக்ஸ்ல வெச்சு வெளிச்சத்த கொஞ்சம் கொறைச்சுட்டு பாருங்க. சாதாரண எபிதீலியல் செல் அகலமா, தட்டையா, ஓரம் கோடு போட்டாப்ல தெளிவா, நடுவுல சின்னதா நியூக்ளியஸ் தெரியும். க்ளூ செல்லுல ஓரம் முழுக்க பொடிப்பொடியா பாக்டீரியா அப்பியிருக்கும், எங்க செல் முடியுது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, ஓரம் பிசிறு பிசிறா இருக்கும். நடுவுல மட்டும் நாலு புள்ளி இருக்கறத க்ளூ செல்னு எண்ணிடாதீங்க, ஓரம் அழிஞ்சிருக்கணும். இன்னொண்ணு, பிவில பஸ் செல், அதாவது சீழ் செல், பொதுவா கம்மியாத்தான் இருக்கும். மைக்ராஸ்கோப்ல தெரியிற வட்டம் (ஃபீல்டு) முழுக்க பஸ் செல்லா இருந்தா பிவி மட்டும்தான்னு எழுதிட்டு எந்திரிச்சு போயிடக்கூடாது, டிரைக்கோமோனாஸ் நீந்துதான்னு தேடணும், அதுவும் சாம்பிள் ஆறிப்போனா நீந்தறத நிறுத்திடும், அப்புறம் அதையும் ஒரு செல்லுன்னு நெனச்சு விட்ருவோம்.

1996-ல அமெரிக்காவுல வந்த ஒரு ஸ்டடில கிராம் ஸ்டெய்ன அளவுகோலா வெச்சு பாத்தப்போ ஆம்செல் முறை 70 சதவீதம் கேஸ்தான் புடிச்சுது, ஆனா பிவி இல்லாதவங்கள்ல 94 சதவீதம் பேர இல்லன்னு சரியா சொல்லிச்சு, இதத்தான் ஸ்பெசிஃபிசிட்டின்னு சொல்லுவோம். என் கணக்குல நல்ல டாக்டர் கையில 4, ஓபில நூறு பேரு வரிசைல நிக்கிற எடத்துல 2.

இப்போ என்னோட ஃபேவரிட், கிராம் ஸ்டெய்ன் ஸ்மியர் வித் நுஜென்ட் ஸ்கோர். 1991-ல நுஜென்ட், குரோன், ஹில்லியர்னு மூணு பேரு குடுத்தது, உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கு இன்னிக்கும் இதத்தான் அளவுகோலா வெச்சு புது டெஸ்ட் எல்லாத்தையும் உரசிப் பாக்குறாங்க. விஷயம் சிம்பிள். ஸ்வாப்ப ஸ்லைடுல தேய்க்காம உருட்டி விட்டு காய வெச்சு கிராம் ஸ்டெய்ன் பண்ணி, ஆயில் இம்மர்ஷன்ல, அதாவது ஆயிரம் மடங்கு பெருசாக்கி, பல ஃபீல்டு பாத்து சராசரி போடணும். பெரிய ஊதா குச்சி லாக்டோபாசிலஸ், 30-க்கு மேல இருந்தா 0, ஒண்ணுமே இல்லன்னா 4, கொறைய கொறைய மார்க் ஏறும். சின்ன சின்ன குச்சி, கார்ட்னரெல்லா பிரிவோடெல்லா டைப், இதுக்கு தலைகீழ், ஒண்ணுமே இல்லன்னா 0, 30-க்கு மேல 4. வளைஞ்ச குச்சி மொபிலன்கஸுக்கு அதிகபட்சம் 2. மூணையும் கூட்டு. 0-ல இருந்து 3 நார்மல், 7-ல இருந்து 10 பிவி. அந்த அக்காவோட ஸ்லைடுல லாக்டோபாசிலஸ் ஒண்ணு கூட இல்ல, அது 4, சின்ன குச்சி எண்ணவே முடியல, அது 4, வளைஞ்சது ஃபீல்டுக்கு ரெண்டு மூணு, அது 1. ஆச்சா 9.

பாத்தீங்களா, இது எந்த கிருமின்னு பேரு சொல்லல, யாரு போனாங்க யாரு வந்தாங்கன்னு எண்ணி சொல்லுது. அதான் எனக்கு புடிச்ச விஷயம். அதுவும் காஞ்ச ஸ்லைடு ஒரு டப்பால போட்டா எத்தன நாள் வேணா இருக்கும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல எடுத்து டவுன் லேப்புக்கு அனுப்பலாம், சந்தேகம் வந்தா இன்னொருத்தர் கண்ணுல காட்டலாம், ரெண்டு மாசம் கழிச்சு எடுத்து திரும்ப பாக்கலாம். வாடைய டப்பால போட்டு வைக்க முடியுமா?

கொற இல்லாம இல்ல, நெறைய இருக்கு. மொத கொற ஸ்டெய்னிங். டீகலரைசர், அதாவது சாயத்த வெளுக்க ஊத்துற ஆல்கஹாலோ அசிட்டோனோ, அத ஊத்திட்டு யாராச்சும் கூப்ட்டாங்கன்னு திரும்பிப் பேசிட்டு வந்தீங்கன்னா லாக்டோபாசிலஸ் ஊதாவ விட்டுட்டு சேஃப்ரனின்ங்கற ரெண்டாவது சாயத்துல ரோஸ் ஆயிடும், அப்புறம் நல்லா இருக்குற பொண்ணுக்கு ஸ்கோர் ஏறிப்போயிடும். ஊதா வழியறது நின்ன உடனே தண்ணி ஊத்தணும், அவ்ளோதான். ஸ்மியர் கெட்டியா இருந்தா இதுக்கு நேர்மாறு, எல்லாமே ஊதாவா நிக்கும். எங்க லேப்ல ஒரு ஸ்லைடோட ஓரத்துல தெரிஞ்ச ஸ்டாஃபைலோகாக்கஸையும் இ.கோலையையும் சேத்து போட்டு ஸ்டெய்ன் பண்ணுவோம், ஒண்ணு ஊதா, ஒண்ணு ரோஸ்னு வந்தாதான் அன்னிக்கு பேட்ச் ஓகே. இது எல்லா லேப்லயும் பண்ணணும், பண்றாங்களான்னு கேக்காதீங்க.

ரெண்டாவது கொற, நடுவுல மாட்டுற 4-ல இருந்து 6 வரைக்கும். இன்டர்மீடியட்னு எழுதுவோம், வாங்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாது, டாக்டருக்கும் எரிச்சல். சில பேரு பிவிக்கு போயிட்டு இருப்பாங்க, சில பேரு அதுல இருந்து திரும்பி வந்துட்டு இருப்பாங்க, எந்தப் பக்கம்னு ஒரு ஸ்லைட வெச்சு சொல்ல முடியாது. லாக்டோபாசிலஸ் இனர்ஸ்னு ஒரு வகை இருக்கு, அது குட்டையா, ஸ்டெய்ன் சரியா ஏறாம கார்ட்னரெல்லா மாதிரியே உக்காந்திருக்கும், அதுவும் சேந்து கொழப்பும். பிரிட்டன்ல 2002-ல ஐசன், ஹேன்னு ரெண்டு பேரு எண்ணிக்கையே வேணாம், ஸ்லைட பாத்தா லாக்டோபாசிலஸ் ஜாஸ்தியா, ரெண்டும் கலந்திருக்கா, இல்ல மத்தது ஜாஸ்தியான்னு கிரேடு போட்டா போதும்னு ஒரு முறை குடுத்தாங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்குற லேப்புக்கு அது வசதி, எண்ணி எண்ணி கண்ணு போறவங்களுக்கு ட்ரை பண்ணுங்கன்னு சொல்லுவேன்.

மூணாவது, ஆள் வேணும். பழகின கண்ணு இல்லன்னா ஒரே ஸ்லைடுக்கு ரெண்டு பேரு ரெண்டு ஸ்கோர் போடுவாங்க. இவ்ளோ சொல்லியும் 5-க்கு 4.5. கண்ணுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் சம்பளம் தவிர வேற பெரிய செலவில்ல.

பேப் ஸ்மியர்ல பிவின்னு வந்திருக்குன்னு சில பேரு பதறிட்டு வருவாங்க. அது புற்றுநோய்க்கு முன்னாடி வர்ற மாற்றத்த பாக்க எடுத்த டெஸ்ட்டு, பிவிய முடிவு பண்ண அது சரி வராது. கம்ப்ளைன்ட் இருந்தா தனியா ஸ்மியர் எடுங்க, இல்லன்னா விடுங்க.

அப்புறம் ரேப்பிட் கிட். ஓசம் பிவி ப்ளூன்னு ஒண்ணு இருக்கு, ஸ்வாப்ப திரவத்துல முக்கி பத்து நிமிஷம் வெச்சா நீலமோ பச்சையோ வந்தா பாசிட்டிவ், மஞ்சளாவே இருந்தா நெகட்டிவ். பிவி கூட்டம் போடுற சயலிடேஸ்ங்கற என்சைம அது புடிக்குது. நுஜென்ட்டோட வெச்சு பாத்தா கிட்டத்தட்ட 90 சதவீதம் ஒத்துப்போகுது. மைக்ராஸ்கோப் இல்லாத எடத்துக்கு நல்ல சாமான், ஆனா கார்ட்னரெல்லாவுலயே எல்லா வகையும் அந்த என்சைம போடாது, கேண்டிடாங்கற பூஞ்சையோ டிரைக்கோமோனாஸோ கூட இருக்கான்னும் இது சொல்லாது. நான் ஒரு ட்ரெய்னிங்ல டெமோ பாத்ததோட சரி, எங்க பக்கம் சின்ன லேப்ல யாரும் வெச்சு பாத்ததில்ல. 3.5.

கடைசியா எல்லாரும் கேக்குறது, பிசிஆர், கிருமியோட மரபணுவ தேடுற டெஸ்ட். காசு ஜாஸ்தி, ரிப்போர்ட் பாக்க கெத்தா இருக்கும், அதனால இதுதான் பெஸ்ட்டுன்னு ஒரு நெனப்பு. நல்ல பிசிஆர் நெஜமாவே நல்லாத்தான் இருக்கு. பிடி (BD) கம்பெனியோட மேக்ஸ் வஜைனல் பேனலுக்கு (பல கிருமிய ஒண்ணா பாக்குற டெஸ்ட்டு) 2016-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஓகே சொல்லிச்சு, ஹோலோஜிக் கம்பெனியோட ஆப்டிமா பிவிக்கு 2019-ல, இது சரியா சொன்னா பிசிஆர் இல்ல, அதே மாதிரி மரபணுவ பெருக்கிப் பாக்குற வேற முறை. இந்த ரெண்டும் கார்ட்னரெல்லா இருக்கான்னு மட்டும் பாக்கறதில்ல, லாக்டோபாசிலஸ் எவ்ளோ, கார்ட்னரெல்லா எவ்ளோ, அட்டோபோபியம்ங்கற இன்னொரு பிவி பாக்டீரியா எவ்ளோன்னு எல்லாத்தையும் சேத்து ஒரு கணக்கு போட்டுத்தான் பாசிட்டிவ் நெகட்டிவ் சொல்லும். பாத்தீங்கன்னா நுஜென்ட் கண்ணால பண்ணத மெஷின் பண்ணுது. மேக்ஸ் பேனல் சுமார் 90 சதவீதம் கேஸ புடிக்குது, ஆப்டிமா 95-க்கு மேல, ஸ்பெசிஃபிசிட்டி ரெண்டுக்கும் 86-ல இருந்து 90 வாக்குல. பேஷன்ட் தானே பாத்ரூம்ல போய் எடுத்துக் குடுக்குற ஸ்வாப்லயும் நல்லா வருது, இது ரொம்ப பெரிய விஷயம், உள்ள வெச்சு விரிச்சு பாக்குற ஸ்பெக்குலம் கருவிய பாத்தாலே பயந்து வராம இருக்குற பொண்ணுங்க எத்தன பேரு.

சிக்கல் எங்கன்னா, பிசிஆர்ங்கற பேருல வர்ற எல்லாமே இப்படி கணக்கு போடறதில்ல. பத்து பன்னெண்டு பால்வினை கிருமி ஒரே பேனல்ல பாக்குறோம்னு வர்ற சில ரிப்போர்ட்ல கார்ட்னரெல்லா வஜைனாலிஸ், டிடெக்டட், முடிஞ்சுது. எவ்ளோன்னு இல்ல, லாக்டோபாசிலஸ் இருக்கான்னு இல்ல. இது கல்ச்சர் பண்ண அதே தப்ப பத்து மடங்கு காசுல பண்றது. அதுவும் பால்வினை நோய் பேனல்னு தலைப்பு வேற போட்டிருப்பாங்க, வீட்டுல அத எடுத்து படிச்சா என்ன நடக்கும்னு யோசிச்சு பாருங்க. அந்த மாதிரி ரிப்போர்ட்டுக்கு 1.5, கணக்கு போடுற பேனலுக்கு 4.

கணக்கு போடுற பேனலா இருந்தாலும் கம்ப்ளைன்ட் எதுவும் இல்லாம சும்மா ஹெல்த் செக்கப்போட சேத்து எடுக்காதீங்க. பிவி இருக்குறவங்கள்ல பாதி பேருக்கு பக்கம் எந்த தொந்தரவும் தெரியாமலே இருப்பாங்க, அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியோட 2021 கைட்லைன்லயும் பிசிஆர் மாதிரி இந்த மாலிக்யூலர் டெஸ்ட்ட அறிகுறி இருக்குறவங்களுக்கு மட்டும் பண்ணுங்கன்னுதான் போட்டிருக்கு. பாசிட்டிவ்னு ஒரு தாள் கைக்கு வந்துட்டா பிவிக்கு குடுக்குற மெட்ரோனிடசோல் மாத்திரைய வாங்கி முழுங்காம இருக்க நம்மாளுங்களுக்கு மனசு வராது. எனக்கு பிசிஆர் எப்போ வேணும்னு தோணும்னா, ஸ்மியர் இன்டர்மீடியட்ல நிக்குது, இல்ல கேண்டிடாவும் டிரைக்கோமோனாஸும் கூட இருக்கும் போல இருக்கு, இல்ல மருந்து குடுத்தும் குடுத்தும் திரும்ப வருது, அப்போ.

அரசு ஆஸ்பத்திரில பச்சை கலர் கிட் குடுக்குறாங்களே, செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை, அதுல டெஸ்ட்டே இல்லையேன்னு கேப்பீங்க. லேப் வசதி இல்லாத எடத்துக்கு அறிகுறிய வெச்சு ட்ரீட் பண்றதுக்குன்னு போட்ட திட்டம் அது, பல பேருக்கு கேட்டும் விடும். கேக்கலன்னா அப்போவாச்சும் ஒரு ஸ்லைடு போடுங்கங்கறதுதான் என் பாயிண்ட்.

எந்த டெஸ்ட்டா இருந்தாலும் சாம்பிள் குடுக்க வர்றவங்களுக்கு ஒரு வார்த்த. பீரியட்ஸ் டைம்ல வேணாம். உள்ள வெக்கிற மாத்திரை, க்ரீம் போட்டுட்டு மறுநாளே வந்து நிக்காதீங்க. வர்றதுக்கு முன்னாடி உள்ள தண்ணி அடிச்சு கழுவிட்டு சுத்தமா வந்திருக்கேன்னு சொல்லுவாங்க பாருங்க, அய்யோ, நாங்க பாக்க வேண்டியத கழுவிட்டு வந்து என்னத்த குடுக்குறது. அப்படி கழுவறது லாக்டோபாசிலஸையும் சேத்து வெளிய அனுப்புறதுதான், டிவில என்ன விளம்பரம் வந்தாலும் சரி.

மருந்து முடிச்சு தொந்தரவு போயிடுச்சுன்னா திரும்ப டெஸ்ட் பண்ணி பாக்க வேண்டியதில்ல. ஆனா பிவி திரும்ப வர்றதுக்கு பேர் போனது, ஒரு வருஷத்துக்குள்ள பாதிப் பேருக்கு மேல திரும்ப வருதுன்னு ஸ்டடி இருக்கு. 2025-ல ஆஸ்திரேலியாவுல வந்த ஒரு ட்ரையல்ல ஆம்பளைக்கும் சேத்து மாத்திரையும் தடவுற க்ரீமும் குடுத்து பாத்தாங்க, 12 வாரத்துல திரும்ப வந்தது 35 சதவீதம், பொண்ணுக்கு மட்டும் குடுத்த குரூப்ல 63. அதனால மூணாவது தடவையா ரிப்போர்ட் வாங்க வர்றவங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போயி இத கேளுங்க, அதே நேரம் சீட்டுல கல்ச்சர்னு எழுத போனா, மேடம் வஜைனல் ஸ்மியர் கிராம் ஸ்டெய்ன் வித் நுஜென்ட் ஸ்கோர்னு எழுதிக் குடுங்கன்னு தைரியமா சொல்லுங்க. நல்ல டாக்டரா இருந்தா கோச்சுக்க மாட்டாங்க.